எதைப் புதிதாக வாங்குவது, எதைப் பழையதாக?

கேள்வி: ஈரோட்டில் சிறிய டிபன் கடை தொடங்குகிறேன். சமையலறைச் சாமான் எல்லாம் புதிதாகவே வாங்க வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம், சகோதரி. கிரைண்டரை மட்டும் புதிதாக வாங்குங்கள். இட்லிக் கடையின் பெயர் மாவில்தான் நிற்கிறது. கிரைண்டருக்குப் பெயர்பெற்ற கோவைக்கே போய், ஊறவைத்த அரிசி, உளுந்தைக் கொடுத்து அரைத்துப் பாருங்கள். மாவைச் சாய்த்து எடுக்கும் டில்டிங் வகை இடுப்பைக் காக்கும். மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் தேவையா என்று முன்பே கேளுங்கள்.

மேசை, ரேக் பழையது போதும். சிங்க் 304 ரக எவர்சில்வராக இருக்கட்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் நம்பாதீர்கள். மலிவான 202 ரகத்திலும் பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் உப்பும் புளியும் பட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும். பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். பழைய அடுப்பென்றால் பர்னர், வால்வு, குழாயைச் சோதித்த பிறகே 19 கிலோ சிலிண்டரை இணையுங்கள். பழுதானால் உடனே வர ஆளில்லாத இயந்திரம், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.