நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் தடங்கல் வந்தால்

முதல் எதிரி முள். டியூபை ஒட்டியதும் அவசரமாக மாட்டிவிடாதீர்கள். டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். கருவேல முள்ளின் நுனி உள்ளேயே ஒடிந்து நின்றால், புது டியூபும் சிறிது நேரத்தில் இறங்கிவிடும். டயரே கிழிந்திருந்தால், பழைய டியூபில் ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்துக் காற்றடியுங்கள். அடுத்த ஊர் வரை தாங்கும். கியர் சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் பொருந்தாது. அதற்கான சிறு பித்தளை அடாப்டரைக் கட்டாயம் பையில் வையுங்கள். விலையும் குறைவு, எடையும் இல்லை.

ஸ்போக் கம்பி ஒடிந்தால் பக்கத்துக் கம்பியோடு சுற்றிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கன்னியாகுமரிப் பக்கம் போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பெரும் சோதனை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்தக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். கியரைக் குறைத்து, அன்றைய தூரத்தையும் குறைத்து, விடியுமுன் கிளம்புங்கள்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும். அரை சென்டிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். வெயிலில் தலைசுற்றி, பேச்சு குழறினால் அதோடு நிறுத்துங்கள்: நிழல், உடம்பில் ஈரத்துணி, உடனே 108.

பாதியில் திரும்ப நேர்ந்தால் தயங்காதீர்கள். பார்சல் ஆபீஸ் உள்ள ரயில் நிலையத்தில் சைக்கிளைப் பதிவு செய்து ஊருக்கு அனுப்பலாம்.