உயரழுத்தக் கம்பியும் உடலின் செல்களும்

நம்பிக்கை: வீட்டருகே உயரழுத்த மின்கம்பி போனால், அதன் காந்தப்புலம் மரபணுவை அறுத்துப் புற்றுநோய் தரும்.

உண்மை: நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதன் ஆற்றல் துணுக்கு, டிஎன்ஏவில் ஒரு வேதிப் பிணைப்பை உடைக்கத் தேவையானதில் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. எக்ஸ் கதிரோடு இதைச் சேர்த்துப் பேசுவது தவறு.

வேறு வழியில் செல்லைத் தொடுமா என்று கேட்பது நியாயம்தான். இந்தப் புலம் செல்லுக்குள் கால்சியம் நுழைவதை மாற்றுகிறது என்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் லிபர்டி 1992-இல் எழுதினார். அந்தத் தரவுகள் திரிக்கப்பட்டவை என்று அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் 1999-இல் அறிவித்தது. நேர்மையாகச் செய்த சோதனைகளிலும் ஓர் ஆய்வகம் கண்ட விளைவு இன்னொன்றில் கிடைக்காமல் போனதே அதிகம்.

அச்சத்தின் வேர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் இருக்கிறது. 1979-இல் நான்சி வெர்தைமரும் எட் லீப்பரும் டென்வர் நகரில் மின்கம்பிக்கும் இந்த நோய்க்கும் ஒரு தொடர்பைச் சுட்டினார்கள். பல நாட்டுத் தரவுகளை 2000-இல் ஒன்றாக்கிப் பார்த்தபோது, சராசரிக் காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டிய வீடுகளில் பாதிப்பு ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. அத்தகைய வீடுகள் மிகச் சில. நோயும் அரிது. புலம்தான் காரணம் என்று இதுவரை நிறுவப்படவில்லை. 2002-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை தந்த ‘2பி’ தகுதியும் ‘சாத்தியம் உண்டு’ என்பதோடு நிற்கிறது. நோயுற்ற குழந்தையின் பெற்றோரிடம் “கம்பியருகே குடியிருந்ததால்தான்” என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

நம்பிக்கை: சுவர் காந்தப்புலத்தைத் தடுத்துவிடும்.

உண்மை: சுவர் மின்புலத்தைத்தான் குறைக்கும். காந்தப்புலத்தைக் குறைப்பது தூரம். ஹேர் டிரையரை 3 செ.மீ. தொலைவில் பிடித்தால் சில மாடல்களில் 2,000 மைக்ரோடெஸ்லா வரை வரும். 30 செ.மீ. தள்ளினால் அதிகபட்சமே 7.

நம்பிக்கை: காந்தப்புலம் உடலை எதுவுமே செய்யாது.

உண்மை: செய்யும், வலு போதுமான அளவு இருந்தால். மனச்சோர்வுச் சிகிச்சையில் தலைமேல் வைக்கும் காந்தச் சுருள், ஒரு டெஸ்லாவுக்கு மேற்பட்ட துடிப்புகளால் மூளை நரம்புகளைத் தூண்டுகிறது. நரம்பில் இப்படி நேரும் விளைவுகளைத் தவிர்க்கவே பொதுமக்களுக்கான பன்னாட்டு வரம்பு 200 மைக்ரோடெஸ்லா என்று 2010-இல் வகுக்கப்பட்டது.

மொட்டை மாடிக்கு மேலே கம்பி தாழ்ந்து போகிறதென்றால் உடனே மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். அங்கே உயிரைப் பறிக்கக்கூடியது மின்சாரம் பாய்வது.