பிள்ளையின் கையில் முதல் மத்தாப்பு

கேள்வி: என் பேரனுக்கு நாலு வயது. விவரம் தெரிந்து அவன் கொண்டாடப்போகும் முதல் தீபாவளி இது. "மத்தாப்பு எங்க இருந்து வருது தாத்தா?" என்றான். "நம்ம சிவகாசியில இருந்துதான்யா" என்றேன். "சிவகாசிக்கு எங்க இருந்து வந்துச்சு?" என்கிறான். என்ன சொல்ல?
— விருதுநகர் வாசகர்

பதில்: கல்கத்தாவில் இருந்து என்று சொல்லுங்கள். ஆனால் அங்கிருந்து முதலில் வந்தது மத்தாப்பு அல்ல, தீக்குச்சி. மழை பொய்த்தால் பிழைப்பு இல்லாத வானம் பார்த்த பூமி சிவகாசி. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற உறவுக்கார இளைஞர்கள் இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பிறகு இருவரும் தனித்தனியே தொழில் நடத்தியபோது அய்ய நாடாரின் பெட்டியில் அணில் படமும் சண்முக நாடாரின் பெட்டியில் காக்கா படமும் இருந்தன. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் "ஒரு காக்கா மார்க் குடுங்க" என்று கேட்டு வாங்கினார்கள். அந்த லேபிள்களுக்குத் தேவைப்பட்ட அச்சகம்தான் சிவகாசியின் இன்னொரு பெருந்தொழிலுக்கும் வித்து.

விவசாயத்தைக் கெடுத்த வெயில் இந்தத் தொழிலுக்கு வரமானது. குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும். தீப்பெட்டியைத் தொடர்ந்து வண்ணத் தீக்குச்சியும் கம்பி மத்தாப்பும் வந்தன. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் முறைப்பட்டது. உலகப் போரால் வெளிநாட்டுச் சரக்கின் வரத்தும் குறைந்தது. 1942-ல் ஸ்டாண்டர்டு நிறுவனம் தொடங்கியது. அதன் பிறகு பட்டாசு ஆலைகள் பெருகின.

இந்த வரிசையைப் பாருங்கள்: முதலில் நெருப்பு, அடுத்து வெளிச்சம், கடைசியில் சத்தம். ஊர் கற்றுக்கொண்ட அதே வரிசையில் பேரனுக்கும் கற்றுக்கொடுங்கள். இந்த வருடம் விளக்கு ஏற்றும்போது பக்கத்தில் உட்காரட்டும். தீக்குச்சியைப் பெரியவர்கள் மட்டும்தான் தொட வேண்டும் என்பதை அவன் தெரிந்துகொள்ளட்டும். பிறகு மத்தாப்பைப் பார்க்கட்டும். வெடிக்கு இன்னும் பல தீபாவளிகள் இருக்கின்றன.

கேள்வி: மத்தாப்பு வருவதற்கு முன்னால் நம் ஊர்ப் பிள்ளைகள் எதைக் கொளுத்தினார்கள்?
— ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி

பதில்: கார்த்திகைக்கு மாவளி சுற்றினார்கள். சில கிராமங்களில் இன்றும் சுற்றுகிறார்கள். ஆண் பனையின் காய்ந்த பாளையைக் குழியில் போட்டு எரித்து, தணல் சாம்பலாவதற்குள் மண்ணால் மூடினால் கரி கிடைக்கும். அதை இடித்துப் பொடியாக்கிப் பழைய வேட்டித் துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டுவார்கள். பனை மட்டைத் துண்டுகளுக்கு நடுவே அதை வைத்து இறுக்கி, கயிறு கட்டி, நுனியில் கங்கு வைத்துத் தலைக்கு மேல் சுற்றினால் பொன்னிறப் பொறி வட்டமாகச் சிதறும். வெடிமருந்து ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. எரிவது கரித்தூள் மட்டுமே. அப்பாவும் சித்தப்பாவும் சுற்றுவார்கள். சிறுசுகள் தள்ளி நின்று பார்ப்பார்கள். கை உரம் ஏறிய பிறகுதான் கயிறு பிள்ளையிடம் வரும். அந்த ஒழுங்கு மத்தாப்புக்கும் வேண்டும்.

கேள்வி: கம்பி மத்தாப்பில் பூ எப்படி உதிர்கிறது? எந்த வயதில் கையில் கொடுக்கலாம்?
— சாத்தூர் வாசகர்

பதில்: அந்தப் பூ இரும்புத் துகள். கம்பிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகி, மருந்துக் குழம்பில் தோய்த்து, வெயிலில் காயவைப்பார்கள். பழைய முறையில் அந்தக் குழம்பில் பேரியம் நைட்ரேட், அலுமினியத் தூள், இரும்புத் தூள், ஒட்டுவதற்குப் பசை ஆகியவை இருந்தன. பேரியத்தை உச்ச நீதிமன்றம் தடை செய்ததால் கலவையை மாற்ற வேண்டியதாயிற்று. பற்றவைத்ததும் குழம்பில் இருக்கும் நைட்ரேட் உப்பு ஆக்சிஜனைக் கொடுக்கும், அலுமினியம் எரிந்து வெளிச்சம் தரும், இரும்புத் துகள் காற்றில் எரிந்துகொண்டே தெறிக்கும்.

பார்க்கப் பூவாக இருந்தாலும் எரியும் முனையின் சூடு 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். அது தங்கத்தையே உருக்கும் சூடு. அதனால் ஐந்து வயது ஆகாத பிள்ளையிடம் கொடுக்கவே வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு கொளுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். பிள்ளை துள்ளினால் பொறி முகத்துக்கு வரும். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டும் கொளுத்தாதீர்கள். ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளி நிற்கட்டும், இன்னொருவர் கொளுத்தட்டும்.

ஐந்து வயதுக்கு மேல் என்றால் ஒரு நேரத்தில் ஒரே கம்பி. கை நீட்டியபடி இருக்க வேண்டும். பருத்திச் சட்டை, காலில் செருப்பு கட்டாயம். சரிகைப் பாவாடையும் நைலான் துணியும் கோயிலுக்குப் போக இருக்கட்டும். வாளியில் தண்ணீர் வையுங்கள், எரிந்து முடிந்த கம்பியை உடனே அதில் போடப் பழக்குங்கள். அணைந்த கம்பி கறுத்துக் கிடந்தாலும் உள்ளே சூடு இருக்கும். வாசலில் எறிந்தால் அடுத்த பிள்ளையின் பாதம்தான் அதை மிதிக்கும்.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, வெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். கண்ணில் பொறி பட்டால் கசக்க விடாமல் நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: பாம்பு மாத்திரை சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லாததுதானே?
— அருப்புக்கோட்டை வாசகி

பதில்: சத்தம் இல்லை, பொறி இல்லை என்பதால் பல வீடுகளில் பிள்ளைக்கு முதலில் கொடுப்பதே அதைத்தான். ஆனால் புனேயின் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016-ல் சரவெடி, மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணம், பாம்பு மாத்திரை ஆகியவற்றின் புகையை அளந்து பார்த்தபோது, நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகளை அதிகம் கக்கியது பாம்பு மாத்திரைதான். குட்டிப் பிள்ளைகள் அதன் மேல் குனிந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். புகை மூக்குக்கே போகும். இதைப் பிள்ளைகளின் பையில் இருந்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்ற கட்டுப்பாடு எப்படி வந்தது?
— திருத்தங்கல் வாசகர்

பதில்: கைக்குழந்தைகளால் வந்தது. டெல்லியின் காற்று தங்கள் பிள்ளைகளின் நுரையீரலைக் கெடுக்கிறது என்று 2015-ல் சில தந்தையர் மூன்று குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அப்போது 6 மாதம் முதல் 14 மாதம் வரைதான் வயது. அர்ஜுன் கோபால் வழக்கு என்று அதற்குப் பெயர். 2018 அக்டோபர் 23-ல் வந்த உத்தரவு, சரவெடிக்குத் தடை போட்டது, பசுமைப் பட்டாசு மட்டும் போதும் என்றது, தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியது. தமிழக அரசு அந்த நேரத்தைக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று பிரித்துக்கொண்டது. இங்கே லட்சக்கணக்கான குடும்பங்களின் சோறு இந்தத் தொழிலில் இருக்கிறது, அந்தக் கவலை நியாயமானது. குழந்தையின் மூச்சும் அதே அளவு நியாயமானது. தொழில் நிலைக்க வேண்டுமானால் மாசு குறைந்த சரக்குதான் வழி.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள், பேத்தியை ஹாலோவீனுக்குத் தயார் செய்கிறாள். வீடு வீடாக மிட்டாய் கேட்கும் வழக்கம் எப்படி வந்தது?
— ராஜபாளையம் வாசகி

பதில்: ஹாலோவீனை அடுத்து, நவம்பர் தொடக்கத்தில் கிறிஸ்தவர்கள் இறந்தோரை நினைக்கும் நாட்கள் வரும். இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லிச் சிறு பணியாரம் வாங்கினார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். குடியேறியவர்கள் அமெரிக்காவில் பூசணிக்கு மாறினார்கள். கொலு பார்த்துச் சுண்டல் வாங்கிய உங்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. பூசணிக்குள் மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வைக்கச் சொல்லுங்கள். தொங்கும் வேஷத் துணி சட்டென்று தீப்பிடிக்கும்.

கேள்வி: மத்தாப்பு செய்கிறவர்களைப் பற்றிப் பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா?
— சிவகாசி வாசகர்

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளே தீப்பெட்டி ஒட்டவும் பட்டாசு வேலைக்கும் போனார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பு வந்தது. பிள்ளையை ஆபத்தான வேலையில் வைத்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. பெரியவர்களின் உயிருக்கு இருந்த ஆபத்து அதோடு தீரவில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் நாற்பதை ஒட்டிய உயிர்கள் போயின. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் பலர் மாண்டார்கள்.

நாலு வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். "இதை ஒரு அத்தை வெயிலில் உட்கார்ந்து செஞ்சாங்க, வீணாக்காம ஒண்ணொண்ணாக் கொளுத்துவோம்" என்று சொல்லுங்கள். வளர வளர மீதியைச் சொல்லுங்கள். நாளைக்குக் கடையில் நிற்கும்போது உரிமம் பெற்ற ஆலையின் சரக்கா என்று அந்தப் பிள்ளையே பெட்டியைத் திருப்பிப் பார்க்கும். அப்படிக் கேட்டு வாங்குகிறவர்கள் பெருகினால், விதியை மீறி ஆள்களைச் சாகக் கொடுக்கும் ஆலைகளுக்கு வியாபாரம் இருக்காது.