கிண்ணத்தைக் கழற்றி எறிவதற்கு முன்

மைசூரில் பழைய கார் வைத்திருப்பது இப்போது ஒரு மோஸ்தர். ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் உள்ள பயணா கார் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்த கையோடு, அப்பா விட்டுப்போன மார்க் 2 அம்பாசிடரின் தார்ப்பாயை விலக்குகிறார்கள். பேட்டரி மாற்றினால் வண்டி கிளம்பிவிடுகிறது. கூடவே கீழே ஆயிலும் சொட்டுகிறது. குனிந்து பார்த்தால் ஆயில் ஃபில்டர் பக்கம் நனைந்திருக்கிறது. உடனே ஃபில்டரை உள்ளே வைத்து அடியில் போல்ட்டால் பூட்டும் பழைய கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாருதியில் இருப்பதுபோல் கையால் திருகி மாட்டும் ஃபில்டர் வைக்க அடாப்டருக்குச் சொல்லிவிடுகிறார்கள். வாட்ஸாப் குழுவில் நாலு பேர் சொன்னதும், கிண்ணத்தைப் பார்த்து மெக்கானிக் முகம் சுளித்ததும் தவிர வேறு காரணம் இருக்காது. அந்த முடிவு பெரும்பாலும் தவறு என்பது என் கட்சி.

ஒழுகல் ஃபில்டரிலிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்து பி-சீரீஸ் குடும்பம். ஃபில்டர் தாழ்வாக இருப்பதால், மேலே டேப்பட் கவர் பேக்கிங்கில் கசிந்தாலும், டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் கசிந்தாலும், ஆயில் பிரஷர் குழாயின் முடிச்சில் கசிந்தாலும் ஆயில் வழிந்து ஃபில்டர் மேல் வந்து சேரும். பழி அதன் தலையில் விழும். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு அந்தப் பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து, காய்ந்ததும் முகப்பவுடரை லேசாகத் தூவி, ஐந்து நிமிடம் என்ஜினை ஓட விட்டால் போதும். பவுடர் எங்கே முதலில் கறுக்கிறதோ அங்கேதான் கசிவு. கிண்ணத்தின் மேல் விளிம்பில் கறுத்தால் ரப்பர் வளையம். அடியில் போல்ட் தலையில் முத்துமுத்தாகத் திரண்டால் அங்குள்ள வாஷர். இரண்டும் இல்லாமல் மேலிருந்து கோடாக இறங்கினால் ஃபில்டரைத் தொட வேண்டியதே இல்லை.

ஃபில்டர்தான் என்று உறுதியானால் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: வளையத்தையும் வாஷரையும் மாற்றுவது, கிண்ணத்தையே மாற்றுவது, அடாப்டர் வைப்பது. சிலிகான் பேஸ்ட் அப்புவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. ஓடும்போது ஏறத்தாழ 50 பவுண்டு அழுத்தத்தில், சூடாக வரும் ஆயிலை அந்தப் பசை நெடுநாள் தாங்காது. பிய்ந்த துணுக்கு ஆயிலோடு சுற்றப் போவது வேறு.

அடாப்டர்தான் இன்று அளவுக்கு மீறிப் புகழப்படுகிறது. அது வந்தால் கசிவு போய்விடும் என்று நினைக்கிறார்கள். கசிவு எதனால் வருகிறது? ஃபில்டரின் தலைப்பகுதியில், அடிப்புறமாக, வட்டமாக ஒரு பள்ளம் இருக்கிறது. ரப்பர் வளையம் அதற்குள் உட்காரும். பல வருடச் சூட்டில் வளையம் இறுகி, கறுத்து, இரும்போடு இரும்பாகத் தெரியும். ஃபில்டர் மாற்ற வந்த யாரோ அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது வளையத்தை வைத்துப் பூட்டியிருப்பார். இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தால் கிண்ணம் நேராக உட்காராது. ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் பிதுங்கும். இப்போது அடாப்டரைப் பாருங்கள். அதில் ஒரு வகை, கிண்ணம் உட்கார்ந்த அதே பள்ளத்தில்தான் தன் வளையத்தோடு உட்காருகிறது. பள்ளத்தைச் சுத்தம் செய்யாதவர் கையில் அதுவும் ஒழுகும். பள்ளத்தைச் சுத்தம் செய்தவருக்கோ அடாப்டரே தேவைப்படாது. கிண்ணத்தில் ஆயில் வெளியேறக்கூடிய இணைப்பு இரண்டு: மேலே வளையம், கீழே போல்ட் வாஷர். இந்த அடாப்டரிலும் இரண்டு: அதே பள்ளத்து வளையம், புது ஃபில்டரின் ரப்பர். கசிவுக்குப் பயந்து மாற்றியும் இணைப்பு குறையவில்லை என்றால் அது என்ன கணக்கோ தெரியவில்லை.

தலைப்பகுதியையே மாற்றிவிடும் இன்னொரு வகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதைப் பூட்ட, பிளாக்கோடு சேரும் இடத்தில் அரை நூற்றாண்டாக அசையாத பேக்கிங்கை அசைக்க வேண்டும். ஒழுகாத இடத்தைப் பிரிக்க எனக்கு மனம் வராது. எம்.ஜி. நிறுவனமே இதே குடும்பத்து என்ஜினில் எழுபதுகளில் திருகு ஃபில்டர் வைத்ததே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். உண்மைதான். ஆனால் அது தொழிற்சாலை அதற்கென்றே வார்த்த தலைப்பகுதி. ஃபில்டரும் அதற்கென்று குறிக்கப்பட்டது. இங்கே அடாப்டரில் எந்த ஃபில்டர் மரையில் ஏறுகிறதோ அதை மாட்டுகிறார்கள். பைபாஸ் வால்வ் எந்த அழுத்தத்தில் திறக்கும், என்ஜின் நின்றபின் ஆயிலைத் திரும்ப வடியவிடாத ரப்பர் தடுப்பு உள்ளே இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. அந்தத் தடுப்பு இல்லாத ஃபில்டரைச் சாய்வாக மாட்டினால் இரவில் வடிந்துவிடும். காலையில் ஆயில் விளக்கு அணையாமல் நிற்கும் சில விநாடிகளில் பேரிங்குகள் வறண்டு சுழலும். சுலபம், கை அழுக்காகாது என்ற வாதம் தினமும் ஓடும் டாக்ஸிக்குச் சரி. ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் வண்டிக்கு அந்தச் சுலபத்தால் மிச்சமாவது அரை மணி நேரம்.

கிண்ணத்தின் மேல் எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு, மறைப்பானேன். கழற்றிக் கவிழ்த்தால் அடியில் படிந்த கசடு கண்ணுக்குத் தெரியும். விரலால் தேய்த்துப் பார்த்து வெறும் கரியா, பேரிங் உலோகத்தின் பளபளப்பா என்று சொல்லிவிடலாம். திருகு ஃபில்டரை வாளால் அறுத்தால்தான் அந்தச் சேதி கிடைக்கும், யாரும் அறுப்பதில்லை.

செய்முறை கடினமில்லை, நிதானம் கேட்கும். முனையைச் சற்று வளைத்த கோணி ஊசியால் பள்ளத்தில் ஓரிடத்தைக் கிளப்பினால் பழைய வளையம் காய்ந்த வடகம்போல் ஒடிந்து வரும். பள்ளத்தைக் கீறிவிடக் கூடாது. சிறு கண்ணாடியும் டார்ச்சும் பிடித்து முழு வட்டத்தையும் பார்க்க வேண்டும். பாதி வந்துவிட்டது என்று நிறுத்துபவர்கள்தான் மறுபடி ஒழுகவிடுகிறார்கள். ஃபில்டர் பெட்டியில் சில சமயம் ஒன்றுக்கு மேல் வளையம் இருக்கும். வெளியே எடுத்ததோடு ஒப்பிட்டுப் பொருந்துவதை மட்டும், ஆயில் தடவி வையுங்கள். ஸ்பிரிங்கும் அதன் மேல் வரும் வாஷர்களும் கழற்றிய வரிசையிலேயே திரும்பட்டும். கிண்ணத்தை நேராக ஏற்றி, விளிம்பு பள்ளத்தில் இறங்கியதைக் கையால் சுற்றிப் பார்த்து உணர்ந்தபின் இறுக்குங்கள். 15 பவுண்டு-அடி முறுக்கு போதும். ஒழுகினால் இன்னும் இறுக்கு என்ற பழக்கம்தான் மரையைத் தின்கிறது. காலைக் குளிரில், ஆயில் கெட்டியாக இருந்து அழுத்தம் உச்சத்தில் இருக்கும் முதல் ஸ்டார்ட்டில் ஒருவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வளையம் பிசகியிருந்தால் சம்ப்பில் உள்ள நாலு லிட்டரும் தரைக்கு வர அதிக நேரம் ஆகாது. பிறகு சாமுண்டி மலை ஏறி இறங்கி இன்னொரு முறை.

இதற்கெல்லாம் பொறுமை இல்லை என்பவர் வெட்கப்பட வேண்டியதில்லை. எல்லாக் கைக்கும் எல்லா வேலையும் வராது. கை வராதவர், கிண்ணத்தைப் பார்த்துச் சலிக்காத மூத்த மெக்கானிக் ஒருவரைத் தேடிக்கொண்டு, அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பது நல்லது. நண்பன் மாற்றினான் என்பதற்காகத் தானும் மாற்றுபவர் அடுத்து கார்புரேட்டரை மாற்றுவார், பிறகு என்ஜினையே மாற்றுவார். 2021இல் வந்த மத்திய அரசு விதி, 50 வருடம் கடந்து மூல வடிவில் இருக்கும் வண்டியைத்தான் விண்டேஜ் என்கிறது. ஓர் அடாப்டரால் அந்தத் தகுதி போய்விடாது. ஆனால் மூலத்திலிருந்து விலகும் பழக்கம் இப்படிச் சின்னதில்தான் தொடங்குகிறது.

தலைப்பகுதியில் விரிசல் விழுந்திருந்தாலோ மரை தேய்ந்து போல்ட் பிடிக்காவிட்டாலோ வேறு தலைப்பகுதி தேட வேண்டியதுதான். பழையது கிடைக்காதபோது மட்டும் தலைப்பகுதியையே மாற்றும் வகை அடாப்டரைக் கேளுங்கள். கிண்ணம் சந்தேகமாக இருந்தால் ஒரு கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து, உள்ளே டார்ச் அடித்து விளிம்போரம் வெளிச்சம் ஒழுகுகிறதா பாருங்கள். ஒழுகினால் விளிம்பு நெளிந்திருக்கிறது; தட்டிச் சரிசெய்ய முயலாமல் பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ சென்னை புதுப்பேட்டையிலோ வேறு கிண்ணம் தேடுங்கள். போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரர் நீட்டுவதன் விளிம்பையும் உயரத்தையும் அதோடு வைத்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.