புலிவண்டின் ஓட்டம்

புலிபோல் இரையைத் துரத்திப் பற்றுதலாற் புலிவண்டு எனப் பெயர்பெற்ற சிறு பூச்சியை மணற்பாங்கான ஆற்றங்கரைகளிற் காணலாம். அரிவாள் போன்ற தாடைகளும், நெடிய கால்களும், புடைத்த கண்களும் உடையது அது. இரையை நோக்கி ஓடும், இடையே சட்டென நிற்கும், மீண்டும் ஓடும்.

களைப்பினால் நிற்கின்றது என்று நாம் எண்ணலாகாது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக அறிஞர் கோல் கில்பேட் இதனை ஆராய்ந்து 1997 இல் விளக்கினார். ஓட்டம் மிக விரைவாகுங்கால், இரையின் உருவை அறிதற்கு வேண்டிய ஒளி அதன் கண்களுக்குப் போதாது, பார்வை மங்குகின்றது. ஆதலின் நின்று, இரையின் திசையறிந்து, பின் ஓடுகின்றது. ஓடுங்கால் உணர்கொம்புகளை முன்னீட்டித் தடைகளை அறிகின்றது என்பதும் 2014 இல் வெளியான ஆய்வாற் புலனாயிற்று.

‘விரைந்து படியுங்கள்’ என மாணவரை நாளும் முடுக்கும் ஆசிரியராகிய நாம், ‘சற்றே நின்று நோக்குங்கள்’ எனச் சொல்ல மறந்தோம். நிற்றலும் ஓட்டத்தின் ஒரு கூறே.