செங்கண்மாவை நாடிய கூத்தர்

ஜவ்வாது மலைச்சாரலை அடுத்த செங்கமே, மலைபடுகடாம் கூறும் செங்கண்மா என்பது அறிஞர் துணிபு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இந்நூல், 583 அடிகளில் பெருங்கௌசிகனார் நன்னன் சேய் நன்னனைப் பாடியது. கூத்தராற்றுப்படை என்றும் வழங்கும். யாம் ஈண்டு நோக்குவது அவ்வேளையன்று. அவனை நாடிச் சென்ற இசைவாணரையே.

முழவு, ஆகுளி, பாண்டில், குழல், எல்லரி, பதலை முதலியவற்றைப் பையிலிட்டுக் கட்டி, பலாக்காய்க் குலைபோலத் தோன்றச் சுமந்து அவர் செல்கின்றனர். அவருள் ஒருவர் பெயரும் நூலில் இல்லாமை நமக்குக் குறையே. கருவிகளின் பெயரேனும் எஞ்சிற்று.

வழியிற் கடவுளைக் கண்டால் தொழுது செல்க, வறிதே வாத்தியங்களைத் தொடற்க, அம்மலையில் மழை பொழியும் என்று புலவர் எச்சரிக்கின்றார். நனைந்த தோல் முழங்காதென்பதை மத்தளம் பயிலும் நம் மாணவர் அறிவர்.

பின்னர் அவர்தம் செவியையும் புலவர் மலைமேற் செலுத்துகின்றார். அருவியொலி, தினைகுற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு எனப் பலவற்றைத் தொகுத்து, மலையை யானையாகவும் அவ்வோசையை அதன் மதமாகவும் கொண்டார். நூலின் பெயர் அதனின்று பிறந்தது.