புரட்டாசியில் வரும் பறவைகள்
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது நம் கண்கள் புத்தகத்தின்மேல் இருக்க வேண்டும் என்பது ஆசிரியைகளின் விருப்பம். ஆனால் அதே புரட்டாசியில்தான் நம் கொடைக்கானல் மலையில் மற்றொரு வருகைப் பதிவேடு திறக்கப்படுகிறது. வடக்கே இமயத்திலிருந்தும், அதற்கும் அப்பாலிருந்தும் சின்னஞ்சிறு பறவைகள் வந்து சேரும் காலம் அது. இதனைத் தமிழில் 'வலசை' என்பர். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். கார் காலம் முடிந்து கூதிர் காலம் தொடங்கும் வேளையே நம் மலைக்கு வலசை வரும் வேளை. வடகிழக்குப் பருவமழை கொட்டத் தொடங்குமுன் பெரும்பாலானவை வந்துவிடுகின்றன.

முதலில் வருவது வாலாட்டிக் குருவி. முதுகு சாம்பல் நிறம். வாலின் அடிப்பகுதி நல்ல மஞ்சள். உடலைவிட வால் நீளமோ என்று தோன்றும். அது ஒரு நொடிகூட நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களுக்குள் நம் விளையாட்டு மைதானத்துக்குக் கீழே ஓடும் ஓடையின் கற்களில் இதைக் காணலாம். ஓடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பறவையும் அன்று. சமையற்கூடத்தின் பின்புறச் சாக்கடை ஓரத்தில் கூட எந்தக் கூச்சமும் இன்றி நடைபோட்டுப் பூச்சி பொறுக்குவதை விடுதி மாணவியர் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அது கோடையில் கூடு கட்டியது இமயத்தின் ஏதேனும் ஒரு பனியாற்றின் கரையாக இருக்கலாம். மத்திய ஆசியாவாகவும் இருக்கலாம்.

எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்கிடலாம். அட்லஸை எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் உள்ளது. இமாசலப் பிரதேசத்தின் மலைகள் 32 பாகையை ஒட்டி உள்ளன. இடைவெளி 22 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் 2,442 கிலோமீட்டர். பூகோளப் பாடத்தில் அட்சரேகை எதற்கு என்று முணுமுணுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

வாலாட்டியை அடுத்து வருபவை கதிர்க்குருவிகள். இவற்றைப் பார்ப்பது கடினம், கேட்பது எளிது. பச்சைக் கதிர்க்குருவி என்பது எட்டு கிராம் எடைகூடத் தேறாத பறவை. மர உச்சியில் இலையோடு இலையாகக் கலந்து 'சிவீ... சிவீ...' என்று கூவும். நாணல் கதிர்க்குருவியோ தரையை ஒட்டிய புதருக்குள் ஒளிந்துகொண்டு, இரண்டு கூழாங்கற்களைத் தட்டினாற்போல் 'டக், டக்' என்று ஒலிக்கும். காலை ஆறரை மணிக்குப் புதரருகே பத்து நிமிடம் பேசாமல் நின்றால் போதும், அந்த ஓசை கேட்டுவிடும். பேசாமல் நிற்பதுதான் எங்கள் வகுப்புக்குப் பெரும் சோதனை!

பழுப்புக் கீச்சானுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. வேலிக் கம்பியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணுக்குக் குறுக்கே கருப்புப் பட்டை கட்டிய கொள்ளைக்காரனைப் போல நாற்புறமும் பார்க்கும். வந்த நாள் முதல் 'இந்த வேலி என்னுடையது' என்று அதட்டிக்கொண்டே இருக்கும். வெட்டுக்கிளியைப் பிடித்தால் முள்ளில் குத்தி வைத்துத் தின்னும் வழக்கமும் அதற்கு உண்டு. இதன் பிறப்பிடம் சைபீரியா, மங்கோலியா போன்ற வடகிழக்கு ஆசிய நாடுகள்.

இப்பறவைகளை 'விருந்தாளிகள்' என்றே எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. வாலாட்டி செப்டம்பரில் வந்து ஏப்ரலில்தான் செல்கிறது. ஆண்டில் ஏழு எட்டு மாதம் ஓரிடத்தில் இருப்பவரை நாம் விருந்தாளி என்போமா? முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்க மூன்று நான்கு மாதம் வடக்கே செல்கிறது, அவ்வளவுதான். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு சென்று திரும்பும் பெண்ணை, அவள் வாழும் வீட்டில் யாரும் விருந்தாளி என்று அழைப்பதில்லை.

குளிருக்கு அஞ்சித்தான் பறவைகள் வருகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். இறகுப் போர்வை உள்ளவற்றுக்குக் குளிர் அவ்வளவு பெரிய பகை அன்று. பசிதான் பகை. பனி விழுந்தால் பூச்சிகள் மறைந்துவிடும், நீர் உறைந்துவிடும், பகற்பொழுது சுருங்குவதால் இரை தேடும் நேரமும் குறைந்துவிடும். அப்படியானால் ஏன் திரும்பிப் போக வேண்டும், இங்கேயே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். வடக்கே கோடையில் பகல் மிக நீளம். பூச்சிகள் கணக்கின்றிப் பெருகும். நான்கைந்து குஞ்சுகளின் வாயை நிரப்ப அந்த நீண்ட பகல் தேவைப்படுகிறது.

புறப்படும் நேரத்தை அவற்றுக்கு அறிவிப்பது முக்கியமாகப் பகற்பொழுதின் அளவே. பகல் குறையக் குறைய அவற்றின் உடலில் மாற்றம் நிகழ்கிறது. ஓயாமல் தின்று தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. நெடுந்தூரம் செல்லும் சில சிறு பறவைகளின் எடை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். கட்டுச்சோற்று மூட்டையை முதுகில் சுமப்பதற்குப் பதில் உடலுக்குள்ளேயே சுமக்கின்றன!

சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் பறக்கின்றன. காற்று அமைதியாக இருக்கும். வல்லூறுகளின் தொல்லை குறைவு. பகலில் இறங்கி இரை தேடலாம். இருட்டில் வழி எப்படித் தெரிகிறது? பல சிற்றினங்களில் அந்த ஆண்டு பிறந்த குஞ்சு, தாய் தந்தையர் துணையின்றித் தன்னந்தனியே முதல் பயணம் செல்கிறது என்பதை நினைத்தால் கேள்வி இன்னும் பெரிதாகும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் எம்லென் என்னும் அறிஞர் 1960-களில் கோளரங்கத்துக்குள் குருவிகளை வைத்து ஆராய்ந்தார். கூண்டில் வளர்ந்த குஞ்சுகளுக்குச் செயற்கை வானத்தைக் காட்டினார். வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அதுவே வடக்கு என்று அவை கற்றுக்கொண்டன. சில குஞ்சுகளுக்கு அவர் துருவ நட்சத்திரத்தை விட்டுவிட்டு, நாம் திருவாதிரை என்று அழைக்கும் நட்சத்திரத்தைச் சுற்றி வானம் சுழல்வதுபோல் காட்டினார். வளர்ந்தபின் அவை திருவாதிரையையே வடக்காகக் கொண்டு, அதற்கு எதிர்த்திசையில் புறப்பட முயன்றன! அப்படியானால் நட்சத்திரப் படம் அவற்றின் மூளையில் பிறவியிலேயே அச்சாகி வருவதில்லை; கூட்டிலிருந்து வானத்தைப் பார்த்துப் படிக்கின்றன. மேகம் மூடிய இரவிலும் அவை திசை தவறுவதில்லை. பூமியின் காந்தப்புலத்தை உணரும் திறனும் அவற்றுக்கு உண்டு என்பது வேறு சோதனைகளால் தெளிவாகியுள்ளது.

இனி ஒரு முரண்பாட்டைச் சொல்கிறேன். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிய வியப்பு. நம் சோலைக் காடுகளின் இருட்டில் சோலைக்கிளி என்றொரு பறவை உண்டு. பெயரைக் கேட்டுக் கிளி என்று எண்ண வேண்டாம். கருநீல மேனியும் வெண்மையான வயிறும் உடைய சிறு பறவை அது. கதிர்க்குருவியைவிடப் பருத்தது, சிறகும் உண்டு. ஆனால் தன் சோலையை விட்டு அது எங்கும் போவதில்லை. பழனிமலைக்கும் நீலகிரிக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. அகலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அந்தத் தாழ்ந்த, வெப்பமான நிலத்தைத் தாண்டாமலேயே நெடுங்காலம் இருந்துவிட்டதால், கணவாய்க்குத் தெற்கே ஓர் இனமும் வடக்கே மற்றோர் இனமுமாகப் பிரிந்துவிட்டன. எட்டு கிராம் கதிர்க்குருவியோ 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்து அதே சோலையின் உச்சிக் கிளையில் அமர்ந்து பாடுகிறது. மேலே உலகம் சுற்றி. கீழே வீட்டுப் படி தாண்டாதவள். இருவருக்கும் ஒரே மரம்.

வலசை நம் தமிழ்ப் புலவர்களுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 67-ஆம் பாடலில் பிசிராந்தையார், குமரியிலிருந்து வடமலைக்குத் திரும்பும் அன்னத்தை நோக்கிப் பேசுகிறார். வழியில் சோழநாட்டில் தங்கித் தம் நண்பர் கோப்பெருஞ்சோழனைக் காணச் சொல்கிறார். சத்திமுத்தப் புலவரோ தம் வறுமையை மனைவிக்குச் சொல்லி அனுப்ப, தெற்கே வந்து வடக்கே மீளும் நாரையைத் தேர்ந்தார். பறவைகள் தெற்கே வந்து மீண்டும் வடக்கே செல்கின்றன என்பதைக் கண்ணால் கண்டவர்களே இப்படித் தூது அனுப்ப முடியும். தமிழம்மா இப்பாடல்களை நடத்தியபோது இலக்கண நயம் கேட்டார்கள். நான் எந்த மாதம் என்று கேட்டேன்.

மலைநாட்டு வலசைக்கு வந்த ஆபத்தும் அது நீங்கியதும் நாகாலாந்தில் நடந்தன. அமூர் வல்லூறு என்பது புறா அளவுள்ள வேட்டைப் பறவை. கிழக்குச் சைபீரியாவிலும் வட சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குச் செல்கிறது. போகும் வழியில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வோக்கா மாவட்டத்தின் டோயாங் நீர்த்தேக்கத்தருகே பெருங்கூட்டமாகத் தங்கும். 2012-ஆம் ஆண்டு அங்கே வலை விரித்துப் பல்லாயிரக்கணக்கில் அவற்றைப் பிடித்து விற்றனர். படங்கள் வெளிவந்ததும் உலகெங்கும் கண்டனம் எழுந்தது. ஆனால் சட்டமும் கண்டனமும் மட்டும் மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. பாங்டி முதலிய ஊர்களின் மக்களே கூடிப் பேசி வேட்டையைக் கைவிட்டனர். அடுத்த ஆண்டே, 2013-இல், அந்தக் கொலை நின்றது. அந்த நவம்பரில் மூன்று வல்லூறுகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பினார்கள். அவற்றுக்கு இட்ட பெயர்கள் நாகா, வோக்கா, பாங்டி. தன் ஊர்ப் பெயரைத் தாங்கிய பறவையை யார் கொல்வார்கள்? அவை நம் தென்னிந்தியத் தீபகற்பத்தைக் கடந்து, அரபிக்கடல்மேல் நிற்காமல் பறந்து ஆப்பிரிக்கக் கரை சேர்ந்தன. அதே பருவத்தில் தட்டான் பூச்சிகளும் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடக்கின்றன என்று சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். வல்லூறுகள் கடல்மேல் அவற்றைத் தின்றுகொண்டே செல்லக்கூடும்.

நம் மலையில் வலை விரிப்போர் இல்லை. ஆயினும் இடம் குறைந்துவருகிறது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள், 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனிமலையின் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டதாகக் கண்டனர். சீகை, பைன், யூகலிப்டஸ் மரங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பச்சையாய் இருப்பதெல்லாம் காடு என்று மகிழ்ந்துவிடுகிறோம். மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் புல்தரையிலேயே படுத்துறங்குபவை. பைன் மரத்தடியில் அவற்றுக்கு வேலையில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து வரும் என் தோழியின் வீட்டுத் திண்ணைக்கு ஓர் அக்டோபர் காலையில் ஆறுமணிக் குருவி ஒன்று நடந்தே வந்ததாம். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று வண்ணப்பெட்டியைக் கவிழ்த்தாற் போன்ற பறவை அது. இரவெல்லாம் பறந்து களைத்து, விளக்கொளியில் திகைத்து, கண்ணாடியில் மோதி இப்படி வீடுகளில் அகப்படுவது வழக்கம். அவர்கள் பாட்டி அதன் வாயில் தண்ணீர் ஊற்றப் போனாராம். அது கூடாது, மூச்சுக்குழாயில் நீர் இறங்கிவிடும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, உள்ளே விட்டு மூடி, பூனை எட்டாத அமைதியான இடத்தில் வைத்தால் போதும். இருட்டில் பயம் தணியும். சில மணி நேரம் கழித்துத் தோட்டத்தில் பெட்டியைத் திறந்தால் தானே செல்லும். தோழியின் தாயார் அப்படித்தான் செய்தார்கள். மாலையில் அது வாழைத்தோப்புக்குள் ஓடிவிட்டதாம்.

நம் பள்ளியைப் பற்றியும் கூற வேண்டும். கீழ் மதிலோரப் புதர் வேலியை ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியில், பெற்றோர் தினத்துக்கு முன் ஒட்ட வெட்டிவிடுவது வழக்கம். நாணல் கதிர்க்குருவிகள் வந்து இறங்குவதும் அதே வாரம், அதே வேலி. நாங்கள் ஐவர் அருட்சகோதரி தலைமையாசிரியை அவர்களிடம் சென்று, மே மாதம் வெட்டலாமா என்று கேட்டோம். "அலங்கோலமாய்த் தெரியுமே!" என்றார்கள் முதலில். பிறகு எங்களுடன் ஒருநாள் காலைப் பூசைக்குப்பின் வேலியருகே வந்து நின்றார்கள். 'டக், டக்' என்ற ஓசை மூன்று இடங்களிலிருந்து கேட்டது. இவ்வாண்டு தண்ணீர்த் தொட்டியிலிருந்து மணிக்கூண்டு வரையுள்ள பகுதி வெட்டப்படவில்லை. பெற்றோர் தினத்தன்று அதைப் பார்த்து முகம் சுளித்த பெரியவர்கள் காரணத்தை இப்போது அறிவார்கள்.

பார்க்க விரும்பும் இளைய வகுப்புத் தங்கைகளுக்கு: காலை ஆறரை முதல் எட்டு வரை நல்ல நேரம். பளிச்சென்ற நிறக் கம்பளிச் சட்டை வேண்டாம். பறவையின் பின்னால் ஓடாதீர்கள். ஓரிடத்தில் நின்றால் அதுவே வரும். பெயர் தெரியாவிட்டாலும் தேதி, இடம், அது என்ன செய்தது என்ற மூன்றையும் அங்கேயே எழுதுங்கள். அறைக்கு வந்து எழுதினால் நிறம் மாறிவிடும்! எதுவும் காணாத நாளையும் 'இல்லை' என்று குறியுங்கள். அது எழுதப்படாவிட்டால் முதல் நாள் எது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

மூன்று ஆண்டுகளாக நாங்கள் எழுதிய நோட்டுப் புத்தகத்தில் 'வந்த நாள்' பத்தி நிறைந்திருக்கிறது. 'சென்ற நாள்' பத்தி ஏறக்குறைய வெறுமையாக உள்ளது. ஏப்ரலில் நமக்குத் தேர்வு, பிறகு விடுமுறை. வாலாட்டி போவதை யாரும் கவனிப்பதில்லை. இவ்வாண்டு எங்களுக்கு அரசுப் பொதுத்தேர்வு. ஆகவே ஒன்பதாம் வகுப்பினர் யாரேனும் அதை ஏற்க வேண்டும். நோட்டுப் புத்தகம் நூலகத்தில், அகராதிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பென்சிலை நூலில் கட்டியிருக்கிறோம்.